ஐ.சி.யூ. நோயாளியை எப்போது எழுப்பி உட்கார வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் போன மாதம் வந்த கட்டுரை, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி நடக்க வைத்துவிட்டால் பாதி வியாதி போய்விடும் என்கிற தோரணையில் எழுதியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வாசகர், இதெல்லாம் வெளிநாட்டிலேயே தோற்றுப்போன முறை, ஆபத்தானது, உயிருக்குப் போராடுகிறவரை நிம்மதியாகப் படுக்க விடுங்கள் என்று கடிதம் போட்டிருந்தார். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நோயாளிக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு குடும்பம் "பேப்பர்ல போட்டிருக்கே, ஏன் சார் இன்னும் நடக்க வைக்கல?" என்கிறது, அடுத்த பெட்டின் குடும்பம் "எங்க அப்பாவை ஏன் சார் இப்படி இழுத்து உட்கார வச்சுப் படுத்துறீங்க?" என்கிறது. நான் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதுகிற ஆள் இல்லை, ஆனால் டியூப், லைன், கதீட்டர் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்க நோயாளியின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்துகிற ஆள் நான்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனையாவது மணி நேரம் என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்துத் தொடங்க முடியாது, அந்த ஆள் அன்றைக்குக் காலையில் எப்படி இருக்கிறார் என்று பார்த்துத்தான் தொடங்க முடியும். அப்புறம், சீக்கிரம் தொடங்குவது வேறு, தொடங்கிய உடனே நிறையச் செய்வது வேறு. கட்டுரை எழுதியவரும் கடிதம் எழுதியவரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

முதலில் படுக்க விடுங்கள் என்பவருக்கு. படுக்கை ஓய்வு என்பது நம் ஊரில் மருந்து மாதிரி ஆகிவிட்டது, யாருக்கு என்ன வந்தாலும் "ரெஸ்ட் எடுக்கட்டும்". 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் எந்த நோயும் இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. அதே ஐந்து பேரை முப்பது வருடம் கழித்து மறுபடியும் அளந்தபோது, முப்பது வருட வயது ஏறியதில் போனதைவிட அந்த மூன்று வாரப் படுக்கையில் போனதுதான் அதிகம் என்று தெரிந்தது. இது சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருந்த வாலிபர்களின் கதை. ஐ.சி.யூ.வில் இருப்பவருக்குப் படுக்கையோடு செப்சிஸ் (தொற்றால் உடம்பு முழுக்க ஏற்படும் கடும் பாதிப்பு), மயக்க மருந்து, ஏறி இறங்கும் சர்க்கரை, டியூப் வழி உணவு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. 2013இல் லண்டனில் இருந்து வந்த ஓர் ஆய்வில் 63 நோயாளிகளின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து அளந்தார்கள். ஏழாவது நாளில் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 12.5 சதவீதம் குறைந்திருந்தது, பத்தாவது நாளில் 17.7. அதிலும் ஒரே ஒரு உறுப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் 3 சதவீதம்தான் போயிருக்கிறது, பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு ஏறக்குறைய 16. அதாவது யார் ரொம்ப மோசமாக இருக்கிறார்களோ, யாரைத் தொடவே பயப்படுகிறோமோ, அவர்களுக்குத்தான் வேகமாகக் கரைகிறது. படுத்திருப்பது மட்டுமே இதற்குக் காரணம் இல்லை, உடம்பு முழுக்கப் பரவுகிற அழற்சியும்தான் தசையைத் தின்கிறது, ஆகவே கையைக் காலை ஆட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் நம் கையில் இருக்கிற ஒரு காரணத்தையாவது குறைக்கலாம் அல்லவா.

2021 கொரோனா அலையில் வாரக்கணக்காக மயக்கத்தில் வைத்து, கவிழ்த்துப் படுக்க வைத்து, பிழைத்து வீட்டுக்குப் போனவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். நுரையீரல் தேறிவிட்டது, ஸ்பூனைப் பிடிக்க விரலில் பலம் இல்லை.

இப்போது கட்டுரைக்காரர் சொன்ன வெற்றிக் கதைக்கு வருகிறேன். அவர் எதை மனதில் வைத்து எழுதினார் என்று ஊகிக்க முடிகிறது. 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அது, சிகாகோ, அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 104 நோயாளிகளை வைத்துச் செய்தது. வென்டிலேட்டரில் வைத்து 72 மணி நேரம் ஆகாதவர்களை மட்டும் சேர்த்தார்கள், அதுவும் நோய் வருவதற்கு முன்னால் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தவர்களை. ஒரு பாதிக்கு டியூப் போட்ட ஒன்றரை நாளிலேயே பயிற்சி தொடங்கியது, மறுபாதிக்கு வழக்கம்போல டாக்டர் சொல்லும்போது, அது ஏழு நாளுக்கு மேல் ஆனது. டிஸ்சார்ஜ் ஆகும்போது குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, நடப்பது எல்லாவற்றையும் தானே செய்யும் நிலைக்கு முதல் குழுவில் 59 சதவீதம் பேர் வந்திருந்தார்கள், மற்றதில் 35. நினைவு தப்பி உளறுவது, ஆள் தெரியாமல் போவது என்கிற குழப்பநிலை நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. 498 தடவை பயிற்சி கொடுத்ததில் மோசமான நிகழ்வு ஒன்றே ஒன்று, ஒருவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனது.

பிரமாதமான முடிவுதான். ஆனால் அந்த ஆய்வில் என்ன செய்தார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. தினமும் காலையில் முதலில் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். இதே சிகாகோ குழு 2000ஆம் ஆண்டிலேயே, தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்க வைத்தால் வென்டிலேட்டரில் இருக்கும் காலம் ஏழு நாள் சொச்சத்திலிருந்து ஐந்து நாளாகக் குறைகிறது என்று காட்டியிருந்தது. அந்த விழிப்பு நேரத்தில்தான் பயிற்சி. விழிக்காதவருக்குப் பயிற்சி கொடுப்பவரே கை கால் மூட்டுகளை மடக்கி நீட்டுவதோடு சரி. விழித்தவர் தானாகக் கையைத் தூக்குவார், அப்புறம் கட்டிலில் புரண்டு படுப்பார், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவார், சீப்பைப் பிடித்துத் தலை வாருவார், நிற்பார், நாற்காலிக்கு மாறுவார், கடைசியாகத்தான் நடை. பத்திரிகைகளுக்குப் பிடித்த அந்தப் போட்டோ, நோயாளி நடக்க வென்டிலேட்டரை ஒருவர் தள்ளிக்கொண்டு வருகிற போட்டோ, அந்த ஆய்விலேயே சிறு பகுதிதான். கட்டில் ஓரத்தில் உட்காருவதுதான் பெரும்பாலும் நடந்தது. அதுவே பெரிய வேலை, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கழுத்து நிற்காமல் ஆடும், பிபி இறங்கும், நாடித்துடிப்பு எகிறும், ஒரு கை டியூபைப் பிடித்திருக்கும், சிஸ்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

சரி, இனி தோற்றுப்போன முறை என்று எழுதியவரின் வாதம். அவர் சொல்வது 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான, டீம் என்று பெயர் வைத்த ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கேரல் ஹாட்ஜ்சன் தலைமையில் ஆறு நாடுகள், 49 மருத்துவமனைகள், 750 நோயாளிகள். மயக்க மருந்தைக் குறைத்து, அன்றன்றைக்கு நோயாளியால் முடிகிற உச்ச அளவுக்கு, முடிந்தவரை அதிக நேரம் பயிற்சி கொடுத்த குழு ஒன்று, வழக்கமான அளவில் செய்த குழு இன்னொன்று. ஆறு மாதத்தில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்களைக் கணக்குப் பார்த்தால் முதல் குழுவுக்கு 143, மற்றதற்கு 145. ஒரு பயனும் இல்லை. பயிற்சியால் வந்திருக்கக்கூடிய பாதிப்புகள், அதாவது இதயத் துடிப்புக் கோளாறு, பிபி ஏற்ற இறக்கம், ஆக்சிஜன் குறைவு போன்றவை, முதல் குழுவில் 9.2 சதவீதம் பேருக்கு, மற்றதில் 4.1 சதவீதம். இது சின்ன விஷயம் இல்லை, எங்கள் துறையில் பலர் இந்த முடிவைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் அந்த "வழக்கமான" குழுவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவர்கள் யாரும் சும்மா படுத்திருக்கவில்லை. முதல் குழு தினமும் சராசரியாக 21 நிமிடம் பயிற்சி செய்தது என்றால் இவர்களும் ஒன்பது நிமிடம் செய்தார்கள். முதல் குழு மூன்றாம் நாள் வாக்கில் எழுந்து நின்றது என்றால் இவர்கள் ஐந்தாம் நாள் நின்றார்கள். ஆக அந்த ஆய்வு ஒப்பிட்டது எழுப்புவதையும் எழுப்பாமல் விடுவதையும் இல்லை, ஒன்பது நிமிடத்தையும் இருபத்தொரு நிமிடத்தையும். இதைப் பிடித்துக்கொண்டு, நோயாளி வந்து பத்து நாள் ஆகியும் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதைத் தவிர எதுவும் நடக்காத ஓர் ஐ.சி.யூ. "பார்த்தீர்களா, எழுப்பினால் ஆபத்து, அவர்களே சொல்லிவிட்டார்கள்" என்று சொன்னால் எப்படி? அந்த ஆய்வில் ஐந்தாம் நாள் நிற்பது வழக்கமான கவனிப்பு. நம் ஊரில் ஐந்தாம் நாள் பெரும்பாலும் மயக்க மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த 24 மணி நேரக் கணக்கு கட்டுரைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாளுக்குள் என்று அவசரப்பட்டதற்குப் பெரிய சோதனை ஒன்று நடந்திருக்கிறது, அது பக்கவாத நோயாளிகளில், அவெர்ட் என்று பெயர், 2015இல் வெளியானது. 2104 பேர், மலேசியாவும் சிங்கப்பூரும் உள்பட ஐந்து நாடுகள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடி, அதிகமாக எழுப்பியவர்களில் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50. வேகம் எடுத்தவர்களுக்குத்தான் நஷ்டம். பக்கவாதமும் செப்சிஸும் ஒன்றில்லை, ஒன்றின் முடிவை அப்படியே மற்றதில் ஒட்ட முடியாது, ஆனாலும் கடிகாரத்தை வைத்து மிரட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 24 மணி நேரம் என்று நீங்கள் போட்டதால் எங்கள் ஐ.சி.யூ. வாசலில் டியூட்டி டாக்டரோடு ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார், அவருடைய மனைவிக்கு அன்றைக்குப் பிபி ஏற்றும் மருந்தை மணிக்கு மணி கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் எப்போது எழுப்பக் கூடாது? பிபிக்கான நார்அட்ரினலின் அளவு கூடிக்கொண்டே போகும்போது கூடாது. குறைந்த அளவில் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது தடையில்லை, இந்த வித்தியாசம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, மருந்து ஏற்றும் பம்ப் ஓடினாலே கை வைக்காதே என்கிறார்கள். வென்டிலேட்டரில் 60 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 90 சதவீதத்துக்குக் கீழே கிடந்தால் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி இறைத்தால் யோசிக்க வேண்டும். புதிதாக ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு, எங்கேயோ ரத்தம் கசிந்துகொண்டிருப்பது, மண்டைக்குள் அழுத்தம், சரிசெய்யாத முதுகெலும்பு முறிவு, இவற்றில் எது இருந்தாலும் கிட்டேயே போக மாட்டோம். 2014இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து இதற்கு சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். வாயில் டியூப் இருப்பது அந்தப் பட்டியலில் தனியாக ஒரு சிவப்பு இல்லை என்பதை அட்டெண்டர்கள் மட்டுமல்ல, சில டாக்டர்களும் கவனிக்க வேண்டும். "டியூப் எடுத்ததும் பிசியோ ஆரம்பிக்கலாம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். டியூப் எடுக்க மூச்சுத் தசைக்குப் பலம் வேண்டும், படுத்தே கிடந்தால் அந்தப் பலம் எங்கிருந்து வரும்?

எனக்கு உண்மையில் கோபம் இருப்பது நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். நான் வேலை பார்த்த இடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். இரவில் ஒரு சிஸ்டர் இத்தனை பெட்டைப் பார்க்க வேண்டும் என்றால், டியூபைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்து மயக்க மருந்தை ஏற்றி வைப்பார், கையைக் கட்டிலோடு பேண்டேஜ் துணியால் கட்டியும் வைப்பார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காலை எட்டரை ஒன்பது மணிக்கு பிசியோ வருவார். நோயாளி கண்ணே திறக்க மாட்டார். நெஞ்சைத் தட்டி, சளியை உறிஞ்சி எடுத்து, மூட்டுகளை நாலு தடவை மடக்கிவிட்டு, பில்லில் ஒரு செஷன் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போவார். பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து "மயக்க மருந்தை நிறுத்திப் பாருங்க" என்பார். மதியம் ஒரு மணிக்கு நோயாளி விழிப்பார், நாக்கை நீட்டுங்க என்றால் நீட்டுவார், கையை அழுத்துங்க என்றால் அழுத்துவார், உட்கார வைக்கத் தோதான நேரம் அதுதான், அப்போது பிசியோ எலும்பு வார்டில் மூட்டு ஆபரேஷன் கேஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் நோயாளி நெளிவார், மறுபடி மருந்து ஏறும். மறுநாளும் இதே. ஒரு பைசா செலவில்லாமல் மாற்றக்கூடியது இது. மயக்க மருந்தை விடியற்காலையிலேயே குறைக்கட்டும், இல்லாவிட்டால் பிசியோவின் டூட்டி நேரத்தை மதியத்துக்கு மாற்றட்டும். கால் மிதிக்கும் சைக்கிள், சாய்வு மேசை என்று லட்சக்கணக்கில் வாங்கி ஐ.சி.யூ. மூலையில் பிளாஸ்டிக் கவரோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நோயாளி விழிக்கும் நேரத்தையும் பிசியோ வரும் நேரத்தையும் ஒன்றாகச் சேர்க்க ஆள் இல்லை.

ஆள் பற்றாக்குறை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஒருவரை உட்கார வைக்கவே மூன்று பேர் வேண்டும். அதனால்தான் எல்லாருக்கும் எல்லா நாளும் என்று கேட்கவில்லை. பச்சை நிலையில் இருக்கிற ஒன்றிரண்டு பேரை ரவுண்ட்ஸிலேயே பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் போதும்.

குடும்பத்தினருக்கு ஒன்று. உள்ளே விடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் "எப்ப வார்டுக்கு மாத்துவீங்க", "செலவு இன்னும் எவ்வளவு ஆகும்" என்று மட்டும் கேட்காமல், இன்றைக்கு மயக்க மருந்தைக் குறைத்தீர்களா, குறைத்தபோது என்ன செய்தார், உட்கார வைக்க இன்றைக்கு என்ன தடை என்றும் கேளுங்கள். தடை இருந்தால் காரணம் சொல்வார்கள், அந்தக் காரணம் நியாயமாகவே இருக்கலாம், ஏற்றுக்கொள்ளுங்கள். காரணமே இல்லாவிட்டால் உங்கள் கேள்வியால் மறுநாள் ஏதாவது நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் இவற்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் ஒருவர் என் பேச்சைப் புரிந்துகொண்டு எப்படி எழுந்து உட்காருவார்?

மனக்குழப்பத்தைப் பற்றிச் சொன்னேன், அது டிஸ்சார்ஜோடு முடிவதில்லை. 2023இல் அதே சிகாகோவில் இருந்து 200 பேரை வைத்து வந்த ஆய்வில், வென்டிலேட்டர் வைத்த நான்கு நாளுக்குள் பயிற்சியில் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து நினைவாற்றல், சிந்தனைக் குறைபாடு இருந்தது 24 சதவீதம் பேருக்கு, வழக்கமான கவனிப்பில் 43 சதவீதம் பேருக்கு. ஒரே மருத்துவமனை, சின்ன ஆய்வு, டீம் ஆய்வின் எடை இதற்கு இல்லை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே வழக்கமான கவனிப்புக் குழு எவ்வளவு தாமதமாகத் தொடங்கியதோ அதைவிடத் தாமதமாகத் தொடங்குகிற இடத்தில் நாம் இருக்கும்போது, இந்த ஆய்வு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்துவதாகப் படுகிறது.

கடைசியாக டிஸ்சார்ஜ் சம்மரி. பன்னிரண்டு தசைக் குழுக்களுக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டு மொத்தம் 60க்குக் கூட்டுகிற கணக்கு ஒன்று இருக்கிறது, 48க்குக் கீழே வந்தால் ஐ.சி.யூ.வால் வந்த தசைப் பலவீனம் என்று பொருள். கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிட வேலை. நான் பார்க்கிற சம்மரிகளில் சர்க்கரை, உப்புச்சத்து, எக்ஸ்ரே எல்லாம் இருக்கும், இந்த எண் இருக்காது. ஐ.சி.யூ.வில் நாள் தவறவிட்டவர்களுக்கு வீட்டிலாவது பயிற்சி கிடைக்க வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அதைப் பக்கவாதக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் உள்ளது என்று நினைத்துக்கொண்டு, செப்சிஸிலிருந்து பிழைத்த நாற்பது வயதுக்காரரின் குடும்பம் கேட்பதே இல்லை. உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள். சம்மரியில் அந்த மதிப்பெண்ணும், கடைசியாக எதுவரை செய்தார், உட்கார்ந்தாரா, பிடித்துக்கொண்டு நின்றாரா என்கிற ஒரு வரியும் இருந்தால், வீட்டுக்கு வருகிற பிசியோ முதல் நாளே அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். டிஸ்சார்ஜ் எழுதும் டாக்டர் மறந்தால், கிளம்புவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
ஐ.சி.யூ. பிசியோதெரபிஸ்ட் ஒருவர்
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம், நாளைக்கும் அதே வார்டுக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும்.)